புகைபோக்கியை அளப்பவருக்குக் கூலி யார் தருவது? குஜராத் தணிக்கையும் சூரத் உமிழ்வுச் சந்தையும்

குஜராத்தில் அதிக மாசு வெளியேற்றக்கூடியவை என்று வகைப்படுத்தப்பட்ட தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கையை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தர வேண்டும். 1996இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த ஏற்பாடு இது. தணிக்கையாளர் வாரியத்தின் ஊழியர் அல்லர், வெளியாள். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் ஆலைதான். எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் 2009இலும் 2010இலும் வாரியத்துடன் சேர்ந்து இந்த ஏற்பாட்டைச் சோதித்தார்கள். பழைய முறையில் வேலை பார்த்த தணிக்கையாளர்கள், நூற்றுக்கு 7 ஆலைகள்தான் துகள் மாசு வரம்பை மீறுவதாக எழுதியிருந்தார்கள். அதே ஆலைகளைச் சார்பற்ற குழுக்கள் மறுபடி அளந்தபோது நூற்றுக்கு 59 ஆலைகள் மீறியிருந்தன.

கார்பனுக்கு விலை வைப்பதா, வரி போடுவதா, சந்தை அமைப்பதா என்று பருவநிலைக் கொள்கை விவாதங்கள் நீண்டுகொண்டே போகின்றன. இந்தியா போன்ற நாடுகளில் அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அளவு உண்மையா? உண்மையில்லாத அளவின் மேல் எவ்வளவு நேர்த்தியான சந்தையைக் கட்டினாலும் அது காகிதத்தில்தான் ஓடும். குஜராத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளைக் கவனமாகப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

அளவீட்டில் எங்கே தவறு நடக்கிறது

கொதிகலன் புகைபோக்கியில் துகளை அளப்பது எளிய வேலை இல்லை. ஏணியில் ஏறி, பாதி உயரத்தில் உள்ள மேடையில் நின்று, புகைபோக்கியின் துளைக்குள் குழாயைச் செருக வேண்டும். உறிஞ்சப்படும் புகை ஒரு வடிகட்டி உறையைக் கடந்து போகும். உறையின் எடையை முன்னும் பின்னும் பார்த்து, கூடிய எடையை உறிஞ்சிய புகையின் கன அளவால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று விடை வரும். இங்கே வரம்பு 150 மில்லிகிராம்.

குழாய் முனையில் உறிஞ்சும் வேகமும் புகைபோக்கிக்குள் புகை ஓடும் வேகமும் சமமாக இருக்க வேண்டும். மெதுவாக உறிஞ்சினால், சிறு துகள்கள் புகையோடு சேர்ந்து விலகிப் போய்விடும். கனமான துகள்களோ தங்கள் உந்தத்தால் நேரே குழாய்க்குள் விழும். அளவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். வேகமாக உறிஞ்சினால் நேர்மாறு: மாசு குறைவாகத் தெரியும். தெரிந்தே செய்தாலும் தெரியாமல் செய்தாலும் பிழை பிழைதான். வேறு வழிகளும் இருக்கின்றன. அளக்கும் நாளில் கொதிகலனைக் குறைந்த சுமையில் ஓட்டலாம். மற்ற நாட்களில் நிறுத்தி வைத்திருக்கும் ஸ்க்ரப்பரை, அதாவது புகையைக் கழுவித் துகளைப் பிடிக்கும் கருவியை, அன்று மட்டும் இயக்கலாம். புகைக்குழாயில் வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் கன மீட்டருக்கான மில்லிகிராம் தானாகக் குறையும், வெளியேறும் மொத்தத் துகளில் ஒரு கிராம்கூடக் குறையாது. இவ்வளவும் வேண்டாம் என்றால், மேடையில் ஏறாமலே ஒரு எண்ணை எழுதிவிடலாம்.

பழைய முறையில் எழுதப்பட்ட எண்கள் 150க்குச் சற்றே கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. இயற்கையாக அளந்து வரும் எண்கள் அப்படிக் குவியாது, மேலும் கீழுமாகப் பரவிக் கிடக்கும். ஆலைக்குப் பிடிக்காத எண்ணை எழுதும் தணிக்கையாளருக்கு அடுத்த ஆண்டு அந்த ஆலையில் வேலை இல்லை. பிடித்த எண்ணை எழுத வேறொருவர் காத்திருப்பார். ஆகவே இதைத் தனி மனிதர்களின் நேர்மைக் குறைவு என்று மட்டும் பார்ப்பது போதாது. நேர்மையாக வேலை பார்ப்பவரைத் தொழிலிலிருந்தே வெளியேற்றும் ஏற்பாடு அது.

ஆய்வில் அகமதாபாத், சூரத் வட்டாரங்களைச் சேர்ந்த 473 ஆலைகள் இருந்தன. அவற்றில் 233 ஆலைகளுக்குக் குலுக்கல் முறையில் புதிய விதிகள் வந்தன. தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கலில் வருபவர்தான் வருவார். கட்டணம் ஒரு பொது நிதியிலிருந்து போகும், அதுவும் பேரம் இல்லாத நிலையான தொகை. தணிக்கையாளர் அளந்துவிட்டுப் போன இடங்களில் சிலவற்றைப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வந்த குழுக்கள் மறுபடி அளக்கும். எந்த இடம் என்பது முன்கூட்டித் தெரியாது. இரண்டாம் ஆண்டில், மறு அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைப் பார்த்துக் கட்டணம் கூடவோ குறையவோ செய்தது.

விளைவு: மீறிய ஆலையை ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று பொய்யாக எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே நேரத்தில் வேலை பார்த்த தணிக்கையாளர்கள் இருந்தார்கள். அதே ஆள் ஓர் ஆலையில் உண்மையையும் இன்னோர் ஆலையில் பழையபடி பொய்யையும் எழுதினார் என்பதுதான் இந்த ஆய்வின் மிக வலுவான சான்று என்பேன். புதிய விதியின் கீழ் வந்த ஆலைகள் தங்கள் மாசையும் குறைத்தன. 2015இல் குஜராத் வாரியம் குலுக்கல் முறைத் தணிக்கையாளர் ஒதுக்கீட்டைத் தன் விதியாகவே ஆக்கிக்கொண்டது. கள ஆய்வு ஒன்று அரசு விதியாக மாறுவது அரிது. அந்த வாரிய அதிகாரிகளுக்கு இதில் உரிய பாராட்டு சேர வேண்டும்.

மூடு, இல்லையேல் விடு

சரி, அளவு உண்மையாகிவிட்டது. பிறகு?

அதே குழு 960 ஆலைகளில் இன்னொரு சோதனை செய்தது. பாதி ஆலைகளுக்கு ஆய்வாளர்களின் வருகையை ஏறக்குறைய இரு மடங்காக்கிப் பார்த்தார்கள். மீறல்கள் கூடுதலாகப் பிடிபட்டன. ஆனால் சராசரி மாசு சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. கூடுதல் வருகையில் சிக்கியவை பெரும்பாலும் வரம்பைச் சற்றே தாண்டிய ஆலைகள். வாரியம் தன் கடுமையைப் பல மடங்கு தாண்டியவர்களுக்கென்று வைத்திருந்தது.

வாரியத்தை இதற்காகக் குறை சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் அதன் கையில் கொடுத்த ஆயுதங்கள் இரண்டுதான்: நீதிமன்றத்தில் குற்ற வழக்கு போடுவது, அல்லது ஆலையை மூடி மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிப்பது. 160 மில்லிகிராம் வெளியேற்றிய ஆலையை மூடி நூறு பேர் வேலையைப் பறிக்க எந்த அதிகாரிக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அதனால் 160க்கும் 300க்கும் ஒரே பதில்: ஒரு நோட்டீஸ். சகித்துச் சகித்துக் கடைசியில் ஒட்டுமொத்தமாக மூடும் நாள் வரும். திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நொய்யல் ஆற்று வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஒழுங்காகச் சுத்திகரித்தவர்களும் ஒழுங்கில்லாதவர்களும் ஒன்றாகவே மாட்டிக்கொண்டார்கள்.

2023, 2024ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் சிறைத் தண்டனைகள் பலவற்றை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியிருக்கின்றன. மீறலின் அளவுக்கு ஏற்பத் தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் இது இடம் தருகிறது. எவ்வளவு மீறினால் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் இன்னும் தனித்தனி முடிவாகவே இருக்கிறது.

சூரத்தில் கிலோவுக்கு விலை

செயற்கை இழைச் சேலைகளுக்குப் பெயர்போன சூரத்தில் சாயமேற்றும் ஆலைகளும் அச்சிடும் ஆலைகளும் நெருக்கமாக நிற்கின்றன. நீராவிக்குக் கொதிகலனும், துணியை உலர்த்தி விறைப்பாக்கும் எந்திரங்களுக்குச் சூடான எண்ணெய் அனுப்பும் அடுப்பும் வேண்டும். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் முக்கிய எரிபொருள். துகள் மாசுக்கான உலகின் முதல் உமிழ்வுச் சந்தை இங்கேதான் தொடங்கியது. மொத்த மாசுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் மாசு வெளியேற்றும் அனுமதிகளை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்க விடும் ஏற்பாடு இது. 2019 ஜூன் 5 அன்று அறிவித்தார்கள். ஒத்திகை வர்த்தகம் முடிந்து செப்டம்பரில் உண்மையான வர்த்தகம் ஆரம்பமானது. மொத்தம் 317 ஆலைகள். குலுக்கலில் 162 ஆலைகள் சந்தைக்குள் வந்தன, 155 ஆலைகள் பழைய 150 மில்லிகிராம் விதியின் கீழேயே தொடர்ந்தன. கிரீன்ஸ்டோன், பாண்டே, ரயன் ஆகியோருடன் இம்முறை அனந்த் சுதர்சனும் ஆய்வில் சேர்ந்தார்.

சந்தை எண்ணுவது மொத்த எடையை. புகையில் துகளின் செறிவை, மணிக்கு வெளியேறும் புகையின் கன அளவால் பெருக்கி, ஓடிய மணி நேரத்தால் பெருக்க வேண்டும். ஓர் ஆலை மணிக்கு 10,000 கன மீட்டர் புகை விடுகிறது, செறிவு சரியாக 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1.5 கிலோ. இரவு பகலாக 30 நாள் ஓடினால் 1,080 கிலோ. சட்டப்படி அந்த ஆலை குற்றமற்றது! பக்கத்து ஆலை அதே செறிவில் மணிக்கு 40,000 கன மீட்டர் விட்டால் மாதம் 4,320 கிலோ, அதுவும் குற்றமற்றதே. ஊர் மக்களின் நுரையீரலுக்குள் போவது எடைதான். எடையைக் கணக்கில் எடுத்தால் வெளிக்காற்றைக் கலக்கும் தந்திரமும் செல்லாது, ஏனென்றால் செறிவு இறங்கும் அளவுக்குக் கன அளவு ஏறிவிடும்.

சந்தைக்குள் வந்த ஆலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 280 டன் என்று உச்சவரம்பு தொடங்கி, பிறகு 170 டன்னாக இறக்கப்பட்டது. அந்தக் கிலோக்களுக்கான அனுமதிகளில் 80 விழுக்காடு ஆலைகளுக்கு இலவசம், மீதி 20 விழுக்காடு ஏலத்தில். இலவசப் பங்கைப் பழைய மாசு அளவை வைத்துப் பிரித்தால் அதிகம் அழுக்காக்கியவருக்கு அதிகப் பரிசு கொடுத்ததாகிவிடும். அதனால் கொதிகலன்களின் திறனை வைத்துப் பிரித்தார்கள். ஏலமும் கைமாற்றும் என்.சி.டி.இ.எக்ஸ். என்ற சரக்குச் சந்தைக் குழுமத்தின் மின்சந்தையில் நடந்தன. விலைக்குத் தரையும் கூரையும் உண்டு: கிலோ 5 ரூபாய்க்குக் கீழே போகாது, 100 ரூபாய்க்கு மேலே போகாது. தரை விலை இல்லாவிட்டால், உச்சவரம்பு தளர்வாக இருக்கும் காலத்தில் விலை சுழியத்தைத் தொட்டுவிடும். மாசைக் குறைத்த ஆலைக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். கூரை இல்லாவிட்டால் ஒரு நெருக்கடி வாரத்தில் விலை எகிறி, தொழிலதிபர்களின் கூச்சலில் திட்டமே கவிழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வைப்புத்தொகை. ஒவ்வோர் ஆலையும் தன் அளவுக்கேற்ப ஒரு தொகையை முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். காலக்கெடு முடியும்போது வெளியேற்றிய கிலோவைவிடக் கையில் உள்ள அனுமதி குறைந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூரை விலையைப் போல இரு மடங்கு, அதாவது 200 ரூபாய், அந்த வைப்பிலிருந்து பிடிக்கப்படும். ஆலையை மூட வேண்டாம், நீதிமன்றம் போக வேண்டாம், யார் முகத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 10 கிலோ குறைந்தவருக்கு 2,000 ரூபாய், 1,000 கிலோ குறைந்தவருக்கு 2 லட்சம். மூடுவதற்கும் விடுவதற்கும் நடுவே இல்லாதிருந்த படிகள் எல்லாம் இப்படித்தான் வந்தன.

வெளியேறும் கிலோவைக் கணக்கிடப் புகைபோக்கியிலேயே பொருத்தப்பட்ட தொடர் கண்காணிப்புக் கருவிகளிலும் சிக்கல்கள் உண்டு. அவை துகளை நேரடியாக எடை போடுவதில்லை. ஒளி எவ்வளவு சிதறுகிறது, துகள்கள் உலோகக் கம்பியைக் கடக்கும்போது எவ்வளவு மின்னூட்டம் ஏற்படுகிறது என்பது போன்ற ஒரு சமிக்ஞையைத்தான் தருகின்றன. அந்தச் சமிக்ஞையை மில்லிகிராமாக மாற்ற, ஏணியில் ஏறி அளந்த எண்களோடு ஒப்பிட்டு ஒரு கோடு வரைய வேண்டும். இதுதான் அளவுதிருத்தம். எரிபொருளை மாற்றினால் துகளின் அளவும் தன்மையும் மாறும், பழைய கோடு பொய் சொல்லும். ஆக, தானியங்கிக் கருவி வைத்தாலும் ஏணியில் ஏறுபவரின் நேர்மைக்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. இன்னொன்று, விடுபட்ட தரவு. மின்சாரம் போனது, இணையம் அறுந்தது என்று அழுக்கான நேரத்தில் மட்டும் கருவி மௌனமாகிவிடலாம். விடுபட்ட நேரத்துக்குச் சுழியமோ சராசரியோ போட்டால் எல்லாக் கருவிகளும் அடிக்கடி பழுதாகும். சூரத்தில் விடுபட்ட நேரத்துக்கு அந்த ஆலைக்குப் பாதகமான உயர் மதிப்பை இட்டு நிரப்பினார்கள். கருவியைச் சரிசெய்து வைப்பது ஆலைக்கே லாபமானது.

சந்தையில் இருந்த ஆலைகளின் துகள் மாசு, மற்றவற்றோடு ஒப்பிட 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது. வெளியேறிய மாசில் 99 விழுக்காட்டுக்கு ஆலைகள் அனுமதி வைத்திருந்தன. இந்தியச் சுற்றுச்சூழல் விதி ஒன்று இந்த அளவுக்குப் பின்பற்றப்படுவது அரிது. அதே அளவு மாசைக் குறைக்கும் செலவு, சந்தையால் 11 விழுக்காடு குறைந்தது.

இந்தக் கடைசி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடநூல்கள் உமிழ்வுச் சந்தையைப் புகழ்வது செலவுச் சிக்கனத்துக்காக. ஒரு கிலோவைக் குறைக்க ஓர் ஆலைக்கு 10 ரூபாயும் இன்னோர் ஆலைக்கு 60 ரூபாயும் ஆகும் என்றால், முதல் ஆலையே இருவர் பங்கையும் குறைத்துவிட்டு அனுமதியை விற்கலாம். நடைமுறையில் ஒரே ஆலையில் அடுத்தடுத்த கிலோ மேலும் மேலும் விலை கூடும். பெருந்துகளைப் பிடிக்கும் சைக்ளோனைச் சுத்தம் செய்து ஓட்டுவது மலிவு. நுண்துகளுக்குப் பை வடிகட்டி வேண்டும், பைகள் கிழிந்தால் மாற்ற வேண்டும், ஈரப்புகை வந்தால் பைகளில் சாம்பல் அப்பிக்கொள்ளும். எனவே 11 விழுக்காடு நம்பத்தக்க எண். ஆனால் மாசு குறைந்ததற்கு முதன்மைக் காரணம் வாங்கி விற்றதல்ல, தப்பிக்க முடியாத சிறு தண்டனை என்பதே என் கணிப்பு. சந்தைக்கு வெளியே இருந்த 155 ஆலைகளிலும் அதே கண்காணிப்புக் கருவிகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். அவற்றின் எண்களோடு பணம் எதுவும் கட்டப்படவில்லை.

சூரத் தொடாதவையும் உண்டு. நிலக்கரிக் கிடங்கிலிருந்தும் சாம்பல் மேட்டிலிருந்தும் பறக்கும் தூசி புகைபோக்கிக் கணக்கில் வராது. துகள் விழுவது அருகில் என்பதால், அனுமதிகளை எல்லாம் ஒரே பகுதியின் ஆலைகள் வாங்கிக் குவித்தால் அந்தப் பகுதிக்குக் கேடு. ஆலைகள் நெருக்கமாக உள்ள ஊரில் இது பெரிதில்லை, மாநிலம் முழுவதற்கும் ஒரே சந்தை என்றால் பெரிது. பை வடிகட்டி கரியமில வாயுவைப் பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

கார்பனுக்கு வரும்போது

கரியமில வாயுவைப் பொறுத்தவரை இந்தியாவின் அனுபவம் வேறு திசையில் போனது. எரிபொருள் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும் என்பதால் முதலில் வந்தது ஆற்றல் சேமிப்புக்கான சந்தை. 2012இல் தொடங்கிய ஆற்றல் சேமிப்புச் சான்றிதழ்த் திட்டத்தின் முதல் சுற்றில் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 நிறுவனங்கள் இருந்தன. இலக்கு ஏறத்தாழ 66.9 லட்சம் டன் எண்ணெய்க்கு இணையான சேமிப்பு, எட்டியது 86.7 லட்சம் டன். வெற்றிதான். ஆனால் இலக்கைத் தாண்டியவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ்கள் சுமார் 38 லட்சம், எட்டாதவர்கள் வாங்க வேண்டியிருந்தவை சுமார் 14 லட்சம். தேவையைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் சரக்கு குவிந்தால் எந்தச் சந்தையிலும் விலை விழும். விழுந்தது.

2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வர்த்தகத் திட்டம் சிமென்ட், அலுமினியம், எஃகு போன்ற துறைகளுக்கு வருகிறது. இங்கே உச்சவரம்பு மொத்த டன்னுக்கு இல்லை. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்துக்குத்தான் இலக்கு. ஓர் ஆலை தன் விகிதத்தை 10 விழுக்காடு குறைத்து, உற்பத்தியை 20 விழுக்காடு கூட்டினால், மொத்த உமிழ்வு 8 விழுக்காடு கூடும், இருந்தும் அது இலக்கை எட்டியதாகவே கணக்கு. வளரும் பொருளாதாரத்துக்கு இது நியாயமான தேர்வுதான் என்று ஏற்றுக்கொள்ளலாம். என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. உமிழ்வுக் கணக்கைச் சரிபார்க்க அங்கீகாரம் பெற்ற முகமைகள் உண்டு; அந்த முகமையை அமர்த்துவது சரிபார்க்கப்பட வேண்டிய நிறுவனமே. 1996இல் குஜராத்தில் தொடங்கிய அதே அமைப்பு, அதே பலவீனத்தோடு. விகித இலக்கில் பொய் சொல்ல இடமும் இரண்டு: உமிழ்வைக் குறைத்துக் காட்டலாம், உற்பத்தியைக் கூட்டிக் காட்டலாம். குலுக்கல் ஒதுக்கீடு, பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம், அறிவிக்காத மறு அளவீடு ஆகிய மூன்றையும் சேர்க்க ஆகும் செலவு, சிமென்ட் ஆலை ஒன்றின் வர்த்தகத் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வர்த்தகம் சூடுபிடிக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். சான்றிதழ்கள் கைமாறிய பிறகு பழைய கணக்கைக் கிளறினால், நம்பி வாங்கியவர் தலையில்தான் விடியும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் துகள் மாசுச் சந்தைக்கு முன்னோடி மாநிலங்களாக அறிவித்தவை குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு. முதலில் சந்தையை நடத்திக் காட்டியது குஜராத். அங்கே அகமதாபாத்துக்கும் அது பரவியிருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்குப் பெரிய ஆலைகளின் புகைபோக்கித் தரவு இணையம் வழியே வந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தரவை அபராதத்துக்கு அடிப்படையாக ஆக்குவதென்றால் வேலை இந்த வரிசையில் போக வேண்டும்: கருவிகளை அளவுதிருத்தும் ஆய்வகங்களை ஆலை தேர்ந்தெடுக்காமல் வாரியம் குலுக்கலில் ஒதுக்குவது, எரிபொருள் மாறும்போதெல்லாம் மறு அளவுதிருத்தத்தைக் கட்டாயமாக்குவது, விடுபட்ட மணி நேரத்துக்கு எந்த மதிப்பை இடுவது என்று முன்பே எழுதி அறிவிப்பது, அதன் பிறகு ஆலைகளிடம் வைப்புத்தொகை வாங்குவது. ஏலமும் விலையும் அதற்கும் பிறகு.